தராசு சொல்லும் கணக்கு: வசந்த காலத்தில் மிதவை விமானமேறி மீன்பிடிக்கச் செல்வோருக்கு

சாலை எட்டாத ஏரிகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் மிதவை விமானங்கள் புறப்படும் படகுத்துறைகளில் பெரும்பாலும் ஒரு தராசு இருக்கும். மூட்டைகள் அனைத்தும், சில தளங்களில் பயணிகளும்கூட, அதில் ஏறி இறங்கிய பிறகே விமானத்துக்குள் போக முடியும். சிங்கப்பூரிலிருந்து நாங்கள் நால்வர் முதன்முறையாகக் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் அப்படியொரு தராசின் முன் நின்றபோது, எங்கள் சுமை அனுமதித்த அளவைவிட 31 கிலோ கூடுதலாக இருந்தது. பத்துக் கிலோ அரிசி, பன்னிரண்டு டின் தேங்காய்ப்பால், ஒரு பிரஷர் குக்கர், இரண்டு பெட்டி பீர் என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தோம். "அண்ணே, அரிசியை விட்டுட்டுப் போவோமா, பீரையா?" என்று இளையவன் கேட்க, எங்களில் மூத்தவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அரிசியில பாதி, பீர்ல முழுசு" என்று தீர்ப்புச் சொன்னார். அந்த ஐந்து நாளில் நாங்கள் வேறு எதற்காகவும் அவ்வளவு வருந்தவில்லை.

வீட்டுக்குக் கீழேயே கடை இருக்கும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பயணத்தில் கடினமான பகுதி மீன் பிடிப்பது கிடையாது. விமானம் இறக்கிவிட்டுத் திரும்பிப் போன பிறகு உப்பு தீர்ந்தாலும், மழைச்சட்டை கிழிந்தாலும், தலைவலி வந்தாலும் கையில் உள்ளதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். ஆகவே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி விமானம் ஏறுவதற்கு முன் செய்ய வேண்டியவற்றைப் பற்றியதாகவே இருக்கும்.

காலமும் இடமும்

இவ்வகைப் பயணத்துக்குப் பெயர்பெற்ற பகுதிகளில் ஒன்று ஒன்டாரியோவின் வடமேற்கு மூலை. ரெட் லேக், சூ லுக்அவுட், இக்னஸ் போன்ற சிற்றூர்களிலிருந்து மிதவை விமானங்கள் புறப்படுகின்றன. அவற்றுள் ரெட் லேக், 1926-இல் தங்க வேட்டையால் பெருகிய ஊர். 105-ஆம் நெடுஞ்சாலை அங்கேயே முடிந்துவிடுகிறது, அதற்கு வடக்கே காடும் ஏரியும்தான். சிங்கப்பூரிலிருந்து வான்கூவருக்கு ஏர் கனடா 2024-இல் நேரடிச் சேவையைத் தொடங்கியது. வான்கூவரிலிருந்து வினிபெக் நகருக்கு உள்நாட்டு விமானம் பிடித்து, அங்கே வாடகைக் காரெடுத்து ஏறத்தாழ 480 கிலோமீட்டர் ஓட்டினால் ரெட் லேக் வந்துவிடும். வண்டி சாலையின் வலப்புறம் ஓட வேண்டும் என்பதை நினைவில் வைத்திருங்கள். அந்தி மங்கிய பிறகு மூஸ் மான்கள் சாலைக்குக் குறுக்கே வரும் என்பதால் அந்தப் பாதையை வெளிச்சம் இருக்கும்போதே ஓட்டி முடிப்பது நல்லது. சிங்கப்பூர் நேரம் அங்குள்ள கோடைக்கால நேரத்தைவிட 13 மணிநேரம் முந்தியது. தூக்கம் கெட்டவர்களிடம் படகைக் கொடுக்கக் கூடாது. ஆகையால் ஊர் சேர்ந்த அன்று ஓரிரவு அங்கேயே தங்குங்கள்.

அப்பகுதியில் பெரும்பாலானோர் தேடிப்போவது 'வால்-ஐ' எனப்படும் மீனை. அது முட்டையிடும் காலத்தில் பிடிக்கத் தடை உண்டு. வடமேற்கு ஒன்டாரியோவின் பெரும்பகுதியில் மே மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை அத்தடை நீங்குகிறது. அன்றைக்கே தூண்டில் போட வேண்டும் என்று துடிப்பவர்கள் பலர். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். குளிர்காலம் நீண்டுவிட்ட ஆண்டுகளில் அந்த வாரத்திலும் ஏரிகளில் பனிக்கட்டி மிதக்கும், பனிக்கட்டி இருந்தால் விமானம் இறங்க முடியாது, இவ்வளவு தொலைவிலிருந்து போகிற நாம் படகுத்துறையில் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க நேரும். ஜூன் மாத முதல் இரண்டு வாரங்கள் நமக்கு வசதியானவை. தண்ணீர் இன்னும் குளிர்ந்திருக்கும், முட்டையிட்ட மீன்கள் ஓடைவாய்களை விட்டு முழுதும் விலகியிருக்கமாட்டா, நம் ஊர்ப் பள்ளி விடுமுறையும் அப்போதுதான் வரும். அந்த வாரங்களுக்கு விலையாகக் கொடுக்க வேண்டியது பூச்சிக்கடி. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கடப்பிதழும் உரிமமும்

சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்குக் கனடா விசா தேவையில்லை. ஆனால் விமானம் வழியாக நுழைய மின்னியல் பயண அனுமதி வேண்டும். கட்டணம் 7 கனடிய வெள்ளி, பெரும்பாலும் சில நிமிடங்களில் வந்துவிடும். நம் நண்பர் குழுக்களில் இந்தியக் கடப்பிதழோடு இங்கே நிரந்தரவாசியாக இருப்பவர் ஒருவரேனும் இருப்பார் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: அவருக்கு வருகையாளர் விசா தேவை, கைரேகையும் படமும் கொடுக்க வேண்டும், முடிவு வர வாரக்கணக்கில் ஆகலாம். குழுவின் பயணத் தேதியை அவருடைய விசாவை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். எங்கள் இரண்டாவது பயணத்தில் அதைத் தலைகீழாகச் செய்து, ஒரு நண்பரைச் சாங்கியில் கையசைக்க வைத்துவிட்டுப் போனோம். அமெரிக்கா வழியாகச் செல்லும் பயணச்சீட்டு மலிவாகத் தெரிந்தாலும் அங்கே விமானம் மாறுவதற்கே தனி அனுமதி தேவைப்படும். தேசியச் சேவையின் முகாம் பயிற்சிக்கு அழைப்பு வரக்கூடியவர்கள் முன்பணம் கட்டும் முன் அந்தத் தேதிகளையும் பார்த்துவிடுவது நல்லது.

மீன்பிடி உரிமம் வேறு விவகாரம். கனடாவில் வசிக்காதவர்கள் முதலில் ஒன்டாரியோவின் 'அவுட்டோர்ஸ் கார்டு' பெற்று, அதன்மேல் உரிமம் வாங்க வேண்டும். ஓராண்டுக்கும் எட்டு நாளுக்கும் தனித்தனி உரிமங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் முழு அளவில் மீன் வைத்துக்கொள்ளும் வகையும், குறைவாக வைத்துக்கொள்ளும் 'கன்சர்வேஷன்' வகையும் உள்ளன. வடமேற்கு மண்டலங்களில் பொதுவாக முதல் வகைக்கு நான்கு வால்-ஐ, இரண்டாம் வகைக்கு இரண்டு. முதல் வகையில் நான்கில் ஒன்று மட்டுமே 46 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கலாம். மண்டலத்துக்கு மண்டலம், சில சமயம் ஏரிக்கு ஏரி விதி மாறுகிறது என்பதால் அவ்வாண்டின் மாநில விதித்தொகுப்பில் உங்கள் ஏரியின் பெயரைத் தேடிப் படியுங்கள். முதல்முறை போகிறவர்கள் தவறும் இடம் ஒன்று உண்டு: அந்த எண்ணிக்கை உங்கள் கைவசம் உள்ள மொத்த மீன்களுக்கும் பொருந்தும். குளிர்பெட்டியில் நேற்றைய நான்கு மீனை வைத்துக்கொண்டு இன்று இன்னும் நான்கைச் சேர்த்துவைக்க முடியாது. நான்கு பேருக்கு எட்டு மீன் என்பது ஒருவேளைச் சாப்பாட்டுக்கு மிச்சமாகவே இருக்கும். ஆகையால் எட்டு நாள் கன்சர்வேஷன் உரிமமே போதும் என்பது என் கருத்து.

எடை

ரெட் லேக் போன்ற தளங்களில் இன்றும் உழைக்கும் விமானம் டிஹாவிலண்ட் கனடா நிறுவனத்தின் 'பீவர்'. 1947 ஆகஸ்டில் முதன்முதலாகப் பறந்தது. 1967 வரை 1,600-க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. 450 குதிரைத்திறன் கொண்ட ஒற்றை எஞ்சின், மூக்கில் ஒரு காற்றாடி, சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு நீண்ட மிதவைகள். நான்கு பேரும் அவர்களுடைய ஒருவாரச் சுமையும் ஏறினால் அது நிறைந்துவிடும். ஆறேழு பேர் கொண்ட குழுவுக்கு அதன் அண்ணனான 'ஆட்டர்' வரும், அல்லது பீவர் இருமுறை போய்வரும். இரண்டாவது நடைக்குத் தனிக்கட்டணம்.

சுமையின் அளவை, ஏரிக்கரைக் குடிலையும் படகையும் வாடகைக்குத் தரும் மீன்பிடி முகாம் நடத்துபவர் முன்பதிவின்போதே சொல்வார். ஆளுக்கு 75 முதல் 100 பவுண்டு வரை, அதாவது 34 முதல் 45 கிலோ வரை, என்பது பொதுவாகக் கேட்கும் எண். தாராளமாகத் தோன்றினாலும், மளிகை, தூண்டில் பெட்டி, காலணி, படுக்கைப் பை எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். ஆகையால் ஒரு பொதுப் பட்டியல் எழுதி, பொருளுக்கு எதிரே ஆளின் பெயரையும் எடையையும் குறியுங்கள். இதைச் செய்யாத குழுவில் நால்வரும் நான்கு டார்ச் விளக்கு கொண்டுவருவார்கள், தீப்பெட்டியை ஒருவரும் கொண்டுவரமாட்டார்.

உணவுக் கணக்கை மட்டும் சற்று விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் மிகையாவது அங்கேதான். குளிரில் படகோட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி போதும். நால்வருக்கு ஐந்து நாளுக்கு ஆறு கிலோ, அதிலும் மூன்று வேளையில் ஒருவேளை ரொட்டியும் முட்டையும் என்று வைத்தால் நான்கு கிலோ. தேங்காய்ப்பால் டின்னுக்குப் பதில் தேங்காய்ப்பால் மாவு. புளியைக் கட்டியாகவே கொண்டுபோகலாம், கரைசல் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் வேண்டும், தக்காளிக்குப் பதில் டியூப்பில் வரும் விழுது. இருபத்துநான்கு கேன் பீர் ஏறத்தாழ ஒன்பது கிலோ. நான் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை, எண்ணை மட்டும் சொல்கிறேன். குடிநீர் சுமக்கவே வேண்டாம், ஏரித் தண்ணீர் இருக்கிறது. பார்க்கக் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தாலும் அதில் ஜியார்டியா என்னும் ஒட்டுண்ணி இருக்கலாம், ஆகவே நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டே குடிக்க வேண்டும்.

மசாலாப் பொடிகளைச் சிங்கப்பூரிலேயே தேக்காவில் அரைத்து, வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டிப் பெயர் எழுதிக்கொள்ளுங்கள். இறைச்சி, பால் பொருள், பச்சை இலை, பழம் ஆகியவற்றை இங்கிருந்து தூக்கிப்போய் எல்லைச் சோதனையில் நின்று வாதாடுவதைவிட வினிபெக்கில் வாங்கிவிடுவது எளிது. அங்கே இந்திய மளிகைக் கடைகள் இருக்கின்றன, கறிவேப்பிலை உட்பட எல்லாம் கிடைக்கும். கொண்டுபோகும் உணவு எதுவானாலும் சுங்கப் படிவத்தில் மறைக்காமல் குறித்துவிடுங்கள்.

பெட்டி வேண்டாம், மென்மையான துணிப்பைகளே வேண்டும். பீவரின் பின்பகுதி வளைந்து குறுகிச் செல்லும். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி அதில் நுழையாது, நுழைந்தாலும் பாதி இடம் வீணாகும். தூண்டில் கோல்கள் நான்காக மடியும் பயணக் கோல்களாக இருக்கட்டும். தூண்டில் முள், கத்தி, இடுக்கி அனைத்தும் சாங்கியில் பதிவுச் சாமானோடு போய்விட வேண்டும். பூச்சி விரட்டியையும் கரடி விரட்டும் தெளிப்பானையும் கனடாவிலேயே வாங்குங்கள். பின்னதைப் பயணிகள் விமானத்தில் கொண்டுபோகவே முடியாது. மிதவை விமானத்தில் ஏறும்போதும் அதைப் பைக்குள் ஒளித்துவைக்காமல் விமானியிடம் கொடுத்துவிட வேண்டும். அது அறைக்குள் வெடித்தால் ஓட்டுபவரின் கண் மூடிப்போகும் என்பதால், பெரும்பாலும் மிதவைக்குள் இருக்கும் அறையில் வைத்துப் பூட்டிவிடுவார்.

உடை விஷயத்தில் நம்மவர்கள் இரண்டு விதமாகத் தவறுவார்கள். ஒரு சாரார் துருவப் பயணத்துக்குப் போவதுபோல் ஒரே தடித்த கோட்டை வாங்குவார்கள். மறுசாரார் 'ஜூன் மாதம் கோடைதானே' என்று டி-சட்டையோடு வருவார்கள். ஜூன் தொடக்கத்தில் பகலில் இருபது டிகிரியைத் தொட்ட வெப்பம் விடியலில் ஐந்துக்குக் கீழே இறங்கிவிடக்கூடும், ஓடும் படகில் காற்று வேறு அறையும். மெல்லிய கம்பளி உள்ளாடை, அதன்மேல் ஃபிலீஸ் சட்டை, அதன்மேல் காற்றும் மழையும் புகாத மேலாடையும் கால்சட்டையும், ரப்பர் பூட்ஸ், விரல் நுனி திறந்த கையுறை என அடுக்கடுக்காக அணிவதே சரி. ஜீன்ஸ் நனைந்தால் மறுநாள் காலையிலும் காயாது.

ஏறுவதும் இறங்குவதும்

விமானி சொல்லும் பாதுகாப்பு விளக்கத்தை எத்தனை முறை கேட்டிருந்தாலும் கவனமாகக் கேளுங்கள். மிதவையில் கால் வைத்து ஏறி இறங்கும்போது எப்போதும் வால்பக்கமாகவே நகர வேண்டும், காற்றாடி இருக்கும் மூக்குப்பக்கம் ஓரடிகூடப் போகக்கூடாது. காற்றடைத்து விரியும் வகை உயிர்காப்பு அங்கியைப் பயணம் முழுவதும் அணிந்திருந்தாலும், விமானம் தண்ணீரில் கவிழ்ந்தால் வெளியே வந்த பிறகே அதன் கயிற்றை இழுக்க வேண்டும். உள்ளேயே இழுத்துவிட்டால் அது உங்களைக் கூரையோடு ஒட்டி நிறுத்திவிடும், கதவுக்குக் குனிய முடியாது. உட்கார்ந்தவுடன் கண்ணை மூடிக்கொண்டு கதவுக் கைப்பிடியைத் தடவிக் கண்டுபிடித்துப் பாருங்கள். எஞ்சின் ஓசைக்குக் காதடைப்பான் வேண்டும்.

மற்றபடி அந்த அரைமணி நேரம் பயணத்தின் கொண்டாட்டம். தண்ணீரை உழுதுகொண்டு ஓடி, ஒரு மிதவை முதலில் விடுபட்டு, பிறகு மற்றது விடுபடும்போது அதிர்வு சட்டென்று நின்றுபோகும். கீழே தெரிவது பெரும்பாலும் தண்ணீர், இடையிடையே நிலம்.

குடில் எளிமையானது. எரிவாயுவில் ஓடும் அடுப்பும் குளிர்பெட்டியும், விறகு அடுப்பு ஒன்று, கட்டில்கள், சற்றுத் தள்ளிக் கழிப்பறை, கரையில் பதினான்கு பதினாறு அடி நீளமுள்ள அலுமினியப் படகுகள். விமானி கிளம்பும் முன் அவரிடம் சில கேள்விகள் கேட்டுவிட வேண்டும்: எரிவாயு உருளை மாற்றும் முறை, எஞ்சினை உயிர்ப்பிக்கும் முறை, ஏரியின் வரைபடத்தில் பாறை மறைந்திருக்கும் இடங்கள், மீன் கழிவைக் கொட்டும் இடம், நடுவில் ஒருநாள் விமானம் வந்து பார்க்குமா என்பது. கைப்பேசிக்கு அலைவரிசை இருக்காது. துணைக்கோளம் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் கருவி ஒன்றைக் குழுவுக்குப் பொதுவாக வாடகைக்கோ விலைக்கோ எடுத்துக்கொள்ளுங்கள், பயணக் காப்புறுதி சிறு விமானத்தையும் அவசர மீட்பையும் உள்ளடக்குகிறதா என்று படித்துப் பாருங்கள். மாத்திரை சாப்பிடுபவர்கள் மூன்று நாளுக்குக் கூடுதலாக எடுத்துப்போக வேண்டும்.

குளிர்ந்த தண்ணீர்

கரடியைப் பற்றித்தான் எல்லாரும் கேட்பார்கள். உணவையும் மீன் கழிவையும் குடிலருகே கிடத்தாமல் இருந்தால் கருங்கரடி பெரும்பாலும் நம்மைத் தேடி வராது. உண்மையான ஆபத்து தண்ணீர். நம் ஊர் ஈஸ்ட் கோஸ்ட் கடலில் தவறி விழுந்தால் நீந்திக் கரையேறலாம், தண்ணீர் நம் உடலோடு பகை பாராட்டுவதில்லை. வசந்தகால வடக்கு ஏரியில் தண்ணீர் பத்து டிகிரியை ஒட்டி இருக்கும். அதில் விழுந்தவர் எத்தனை நல்ல நீச்சல்காரராக இருந்தாலும் முதல் நொடியில் மூச்சு அவர் வசத்தில் இருக்காது.

வினிபெக்கில் உள்ள மானிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட் தன்னையே குளிர்நீரில் இறக்கி ஆராய்ந்தவர். அவர் பரப்பிய '1-10-1' என்ற நினைவுச்சூத்திரத்தைப் படகேறும் ஒவ்வொருவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். விழுந்த முதல் ஒரு நிமிடம் திணறும் மூச்சை அடக்குவதற்கு. அடுத்த பத்து நிமிடம் கைகால் சொன்னபடி கேட்கும் நேரம், படகைப் பற்றி ஏறுவதோ கரையை அடைவதோ அதற்குள் நடக்க வேண்டும். அதன்பின் உடல் குளிர்ந்து நினைவிழக்க ஏறத்தாழ ஒரு மணிநேரம் ஆகும். முதல் நிமிடத்திலும் கடைசி மணிநேரத்திலும் தலையைத் தண்ணீருக்கு மேல் வைத்திருப்பது உயிர்காப்பு அங்கி ஒன்றுதான். அதை இருக்கைக்கு அடியில் போட்டுவைப்பவரோடு நான் படகில் ஏறுவதில்லை.

எஞ்சின் நிறுத்தும் கயிற்றைக் கையில் மாட்டிக்கொண்டே ஓட்டுங்கள். காலையில் காற்றை எதிர்த்துப் புறப்பட்டால், காற்று வலுக்கும் பிற்பகலில் அதுவே உங்களைக் குடிலுக்குத் தள்ளிவரும். இரண்டு படகும் ஒன்றையொன்று பார்க்கும் தொலைவில் இருக்கட்டும். கனடாவில் எஞ்சின் படகு ஓட்டத் தகுதிச் சான்று வேண்டும். வாடகைப் படகுக்கு முகாம் நடத்துபவர் உங்களோடு உட்கார்ந்து நிரப்பும் பாதுகாப்புப் படிவம் அந்த வாடகைக் காலத்துக்குப் போதுமானது. நம் கடல்துறை ஆணையம் இன்ப உலாப் படகுக்குக் கொடுக்கும் ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவரும் அதில் கையெழுத்திட்டுவிடட்டும்.

மீனைத் தேடி

லோவர் சிலேத்தார், பெடோக் நீர்த்தேக்கங்களில் மீன் பிடித்துப் பழகியவர்களுக்கு ஒரு நன்மை உண்டு. நம் நீர்த்தேக்கங்களில் செயற்கை இரை மட்டுமே அனுமதி என்பதால் கை அதற்குப் பழகியிருக்கும், ஒன்டாரியோவில் உயிர் இரையை எடுத்துச் செல்வதற்கு உள்ள விதிகளோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஆனால் பீகாக் பாஸ் மீனுக்கு விறுவிறுவென்று இழுத்துப் பழகிய அந்தக் கைதான் முதல் நாள் கெடுக்கும்.

குளிர்நீரில் வால்-ஐ சோம்பலான மீன். அதன் கண்ணின் பின்புறம் ஒளியைத் திருப்பியடிக்கும் படலம் உண்டு. விளக்கொளியில் கண் பளபளப்பது அதனால்தான். மங்கிய வெளிச்சத்தில் பிற மீன்களைவிட அதற்கு நன்றாகப் பார்வை தெரியும் என்பதால் விடியலிலும் அந்தியிலும், மேகமூட்டத்திலும், காற்று நீர்ப்பரப்பைக் கலைக்கும்போதும் இரைதேடும். ஏரிக்குள் ஓடை வந்து விழும் இடத்தையும், இரண்டு ஏரிகளை இணைக்கும் குறுகிய ஓட்டத்தையும் வரைபடத்தில் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். வசந்தத்தில் மீன் அங்கேதான், இரண்டு முதல் நான்கு மீட்டர் ஆழத்தில், ஓட்டம் தளரும் விளிம்பில் நிற்கும்.

எட்டுப் பவுண்டு தாங்கும் தூண்டில் நரம்பு, ஏழு கிராம் ஈயத்தலை வைத்த முள்ளான ஜிக், அதில் வாலாட்டும் மென்ரப்பர் புழு ஒன்று. வெள்ளையும் மஞ்சளும் எனக்குக் கைகொடுத்த நிறங்கள். தரையைத் தொடும்வரை விடுங்கள். நரம்பு தளர்ந்ததும் கோல் நுனியை ஒரு சாண் உயர்த்தி, அப்படியே நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். மீன் கவ்வுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். இழுப்பாகத் தெரியாது, ஈரத்துணி சிக்கியதுபோல் ஒரு கனம், அல்லது விரல் நுனியில் ஒரே ஒரு தட்டு. எங்கள் மூத்த அண்ணன் அதைக் கல் என்று எண்ணி இரண்டு மணிநேரம் விட்டுக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு 'கல்' நகரத் தொடங்கியது. முள் நுனியில் பின்னோக்கி நிற்கும் சிறு கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிட்டால் விடுவிக்க வேண்டிய மீனை எளிதாக விடுவிக்கலாம், நம் விரலில் ஏறினாலும் எளிதாக எடுத்துவிடலாம்.

பைக் மீன் வேறு குணம். வெயிலில் சூடேறிய ஆழமற்ற, புல் முளைத்த குடாக்களில் கட்டைபோல் அசையாமல் கிடக்கும். சிவப்பும் வெள்ளையும் கலந்த கரண்டி இரையை வீசி நிதானமாக இழுத்தால், சில சமயம் படகு விளிம்புவரை பின்னாலேயே வந்து, நம்மைப் பார்த்துவிட்டு நின்று யோசிக்கும். அந்த நொடியில் இரையை வெளியே தூக்கிவிடாமல் கோல் நுனியைத் தண்ணீருக்குள் வைத்து எட்டு வடிவில் சுழற்றுங்கள். எங்கள் ஊர்த் தோமானைப்போலவே பல் உள்ள மீன். நரம்புக்கும் இரைக்கும் நடுவே 'லீடர்' எனப்படும் எஃகுக் கம்பித் துண்டு இல்லாவிட்டால் நரம்பைக் கத்தரித்துவிடும். வாய்க்குள் விரலை விடாமல் நீண்ட மூக்கு இடுக்கியால் முள்ளை எடுங்கள்.

கரையோரச் சாப்பாடு

பிடித்த மீனைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவரும் ஆசையை விட்டுவிடுங்கள். உறையவைத்தல், சதையில் தோல் ஒட்டியிருக்க வேண்டும் என்ற விதி, மூன்று விமானம் என்று அது ஒரு தனிப் பயணமாகிவிடும். அங்கேயே சாப்பிடுவதற்காகப் பிறந்த மீன் அது.

மெல்லிய நீண்ட கத்தியால் செவுளுக்குப் பின்னால் வெட்டி, நடுமுள்ளை ஒட்டியே வால்வரை வழித்து, தோலைக் கீழே வைத்துச் சதையைப் பிரித்தால் வெள்ளைத் துண்டு வரும். விலா முள்ளைச் சீவிவிட்டால் குழந்தைக்கும் கொடுக்கலாம். தலையை வீசும் முன் கண்ணுக்குக் கீழே கத்தி நுனியால் வட்டமிட்டு எடுங்கள். ஐம்பது காசு அளவில் ஒரு கன்னத்துண்டு வரும், மீனிலேயே சுவையானது அதுதான். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, கொஞ்சம் புளித்தண்ணீர் பிசறிப் பத்து நிமிடம் வைத்து, அரிசிமாவில் புரட்டிப் பொரித்தால் போதும். குழம்பு வைப்பதானால் கவனம் வேண்டும். வால்-ஐ சதையில் கொழுப்பு குறைவு, கொடுவாயைப்போல் கொதி தாங்காது. குழம்பு முழுவதும் கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகு துண்டுகளைப் போட்டு, நான்கு நிமிடத்தில் அடுப்பை அணைத்து மூடிவிடுங்கள். கரண்டி போட்டுக் கிளறினால் மீன் கரைந்துபோய்க் குழம்பு மட்டும் மிஞ்சும். நாங்கள் இதைப் பட்டறிந்தோம்.

பூச்சிகளைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். கருப்பு ஈ ஓடும் நீரில்தான் பெருகும், அதாவது வால்-ஐ நிற்கும் அதே ஓடைவாயில். பகலில் கடிக்கும், காதுக்குப் பின்னாலும் தலைமுடி ஓரத்திலும் கடிக்கும், கடித்த இடம் ஒருவாரம் வீங்கியிருக்கும். கொசு அந்திக்கு மேல் பணியை ஏற்றுக்கொள்ளும். வெளிர்நிற உடை, கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுதல், டீட் என்னும் மருந்து கலந்த பூச்சி விரட்டி, தலையை மூடும் வலை. கடைசியாகச் சொன்னது நூறு கிராம்கூட எடை இருக்காது. அதை மறந்துவிட்டு வந்தவரின் முகத்தைப் படமெடுத்து வைத்திருக்கிறேன், அவர் அனுமதி தரவில்லை.

திரும்பும் நாள்

மிதவை விமானம் விமானியின் கண்பார்வையை நம்பிப் பறப்பது. மூடுபனி, தாழ்ந்த மேகம், பலத்த காற்று ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வராது. ஆகவே திரும்பும் நாளுக்கும் வினிபெக்கிலிருந்து கிளம்பும் விமானத்துக்கும் இடையில் ஒரு முழுநாளாவது இடைவெளி விடுங்கள், ஒருநாள் உணவையும் தொடாமல் வையுங்கள். எங்களுக்கு ஒருமுறை காலை ஒன்பது மணிக்கு வர வேண்டியது மறுநாள் மதியம் வந்தது. பனிக்குள் எஞ்சின் ஓசை கேட்பதுபோல் நான்கைந்து முறை தோன்றியது, ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் துறைவரை நடந்துபோய்த் திரும்பி வந்தார். மிச்சமிருந்த ஒரு கப் அரிசியை மதியம் கஞ்சியாக்கி ஊறுகாயோடு குடித்தோம்.

காத்திருக்கும் நேரத்தில் குடிலைக் கூட்டி, விறகை அடுக்கி, சாம்பலை அள்ளி, குப்பையைக் கட்டித் துறைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். குப்பையும் உங்களோடுதான் திரும்பிப் பறக்கும், அதுவும் தராசில் ஏறும். ஈரத் துணிகளைத் தனிப்பையில் போடுங்கள், அவை வந்ததைவிட எடை கூடியிருக்கும். விமானம் துறையில் வந்து அணைந்தாலும் காற்றாடி முழுதாக நின்று, விமானி இறங்கிக் கயிறு கட்டி, கைகாட்டிக் கூப்பிடும்வரை மூட்டையைத் தூக்கிக்கொண்டு யாரும் முன்னால் போக வேண்டாம்.